வயிற்றில் நட்சத்திரம் வைத்த உடை

டைலர் தைத்துக் கொடுத்த உடையில் வயிற்றுப் பகுதி இல்லை.

உமையாள் அதை இரண்டு கைகளாலும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு காலர் இருந்தது. தோள்களில் கூராக நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைகள் இருந்தன. முழங்கால்வரை ஏறும் பூட்ஸ், அதற்கடியில் விரல் நீளத்துக்குக் குதிகால். நடுவில், வயிறு வரவேண்டிய இடத்தில், ஐந்து முனை நட்சத்திர வடிவில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எதிரே நின்ற மைதீனின் முகம் தெரிந்தது.

"என்ன மைதீன் இது?"

"வெளிவேலை உடைக்கா" என்றான் மைதீன். "அப்படித்தான் அது சொல்லுது."

நிலவின் தென்துருவத்தில், வெயிலே விழாத பெரும்பள்ளம் ஒன்றின் விளிம்பில் அவர்களுடைய முகாம் இருந்தது. பள்ளத்தின் அடியில் யுகக்கணக்காக உறைந்து கிடக்கும் பனியை வெட்டி எடுத்துத் தண்ணீராக்கத்தான் அவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பனி எங்கே கிடக்கிறது, எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்று சொல்லவேண்டியவள் உமையாள். காரைக்குடிக்காரி. பாறைகளைப் பற்றிப் படித்தவள். பூமியில் இருந்தபோதே அந்தப் பள்ளத்தின் வரைபடத்தை அங்குலம் அங்குலமாகத் தயார் செய்து, அதற்குள் முதலில் இறங்குவது நானாகத்தான் இருக்கவேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள்.

நிலவின் தூசு பொடித்த கண்ணாடியைப் போன்றது. வெளியே போய்வரும் உடைகளின் மூட்டுகளை அது அரித்துத் தின்றுவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை புது உடை வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூமியிலிருந்து வரவழைக்க முடியாது என்பதால் கம்பெனி முகாமிலேயே ஓர் இயந்திரத்தை வைத்திருந்தது. அதன் முன்னால் போய் நின்றால் ஒளியாலேயே உடம்பை அளந்துகொள்ளும். யார், என்ன வேலைக்கு என்று சொன்னால் மறுநாள் உடை தயாராக இருக்கும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் ஒரு வரி நீளம். முகாமில் எல்லோருக்கும் அது டைலர்.

டைலரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன்தான் மேலப்பாளையத்து மைதீன். இதுவரை அது ஆண்களுக்கு எத்தனையோ உடைகள் தைத்துக் கொடுத்திருந்தது. ஒன்றிலும் ஒரு குறை வந்ததில்லை. உமையாள் பூமியிலிருந்து போட்டுக்கொண்டு வந்த உடை இப்போதுதான் சோதனையில் தோற்றது. முகாமில் இன்னொரு பெண் உண்டு, மருத்துவர். அவருக்கு வெளிவேலை கிடையாது. ஆக, டைலர் ஒரு பெண்ணுக்குத் தைத்த முதல் உடை இதுதான்.

செய்தி கேட்டு முகாம் தலைவர் தங்கதுரை வந்தார். தூத்துக்குடிக்காரர், பல வருஷம் கப்பலில் இருந்தவர். உடையை ஒரு தடவை பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல அதை எதையாவது போட்டு மூடுங்க" என்றார்.

"மூட முடியலையேன்னுதான் சார் முழிச்சிட்டு நிக்கோம்" என்றான் மைதீன்.

அவன் முயற்சி செய்யாமல் இல்லை. வயிற்றை மூடு என்று டைலருக்குச் சொன்னான். அது நட்சத்திரத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தாளை ஒட்டிக் கொடுத்தது. தாள் கூடாது, கெட்டித் துணி வேண்டும் என்றான். வயிறு மூடிக்கொண்டது. முதுகு திறந்துகொண்டது. முதுகை மூடச் சொன்னான். தொடைப்பக்கம் காணாமல் போனது. குதிகாலை எடு என்று கறாராகச் சொன்னதற்கு, எடுத்துவிட்டு அதற்கு ஈடாகக் காலரை இன்னும் உயர்த்தி வைத்தது.

"ஆண்னு சொல்லிப் பாத்தா என்ன?" என்று கேட்டார் தங்கதுரை.

அதையும் பார்த்தார்கள். டைலர் ஓர் ஆணுக்கான உடையைக் குறையே இல்லாமல் தைத்துக் கொடுத்தது. தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. இடுப்பில் இறுக்கியது. உமையாள் கையுறைக்குள் விரலை விட்டால் நுனிவரை போகவில்லை. உள்ளே நின்றுகொண்டு ஓர் உளியைப் பிடித்துப் பார்த்தாள். நழுவி விழுந்தது. திரும்பவும் எடுத்தாள். திரும்பவும் விழுந்தது.

"அண்டாவுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு சார்" என்றாள் உள்ளேயிருந்து. "நான் ஒரு பக்கம் திரும்பறேன், அது ஒரு பக்கம் திரும்புது."

தங்கதுரை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொன்னார். "கம்பெனியில இருந்து கேட்டாச்சும்மா. வெளிய போக முடியாதவங்களை அங்க வச்சு என்ன பண்றதுன்னு கேக்காங்க. அடுத்த கப்பல் வரும்போது உங்களை ஏத்தி அனுப்பிட்டு, உடை பொருந்துற ஒருத்தரை அனுப்பறாங்களாம்."

"என் படத்தை வச்சுக்கிட்டு என் பள்ளத்துல வேற ஒருத்தர் இறங்குவார். அப்படித்தானே?"

தங்கதுரை கீழே கிடந்த உளியை எடுத்து ஓரமாக வைத்தார்.

உமையாள் அண்டாவிலிருந்து வெளியே வந்தாள். அழுகை வரும்போல் இருந்ததால் டைலரின் அறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். எதிரே கொக்கியில் முதல் உடை தொங்கியது. கோபமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலர், தோள்பட்டை, நட்சத்திரம். பார்க்கப் பார்க்க இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. இந்த மாதிரி ஒன்றை அல்ல. இதையேதான்.

"மைதீன்" என்று கூப்பிட்டாள். "நீ சின்ன வயசுல நாளைமறுநாள் படிப்பியா?"

அறிவியல் கதைகளுக்கென்றே வரும் மாத இதழ் அது. பெயரே நாளைமறுநாள். மைதீன் தலையாட்டினான். "எங்க மாமா வாங்குவாவ. அட்டையைப் பாத்துட்டு உம்மா ஒளிச்சு வச்சிருவாவ."

"ஒரு தீபாவளி மலர் அட்டை. செவப்பு வானம், பின்னாடி ராக்கெட். முன்னாடி ஒரு ஆளு, ஒரு பொண்ணு. அவன் தலையிலேர்ந்து கால்வரைக்கும் மூடியிருப்பான். ஒவ்வொரு குழாயும் எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு வரைஞ்சிருக்கும். பொண்ணு போட்டிருக்கறது இது. இந்த நட்சத்திரத்தோட."

எட்டாம் வகுப்பு படிக்கும்போது உமையாள் அந்த அட்டையைக் கிழித்துத் தன் மேஜை மேல் ஒட்டியிருந்தாள். தன் பாஸ்போர்ட் போட்டோ ஒன்றிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து அதில் ஒட்டியிருந்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் இல்லை. ஆணின் முகத்தில். அவனுக்குத்தானே மூச்சுவிட வழி இருந்தது.

மைதீன் டைலரின் உள் விவரங்களைத் தோண்டத் தொடங்கினான். சாப்பாட்டு நேரம் தாண்டி அவன் நிமிர்ந்தபோது அவன் முகத்தில் சிரிப்பதா வேண்டாமா என்ற குழப்பம் இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்கா. காத்து அழுத்தம், சூடு, துணியோட பலம் இதெல்லாம் டைலருக்கு அத்துபடி. ஆனா உடைன்னா எது, எங்க தொடங்கி எங்க முடியணும், இதையெல்லாம் படம் பாத்துதான் கத்துக்கிட்டிருக்கு. நிஜ உடைகளோட வரைபடம் எல்லாம் பெரிய கம்பெனிக்காரங்க சொத்து. தரமாட்டாங்க. அதனால இதைச் செஞ்சவங்க பழைய பத்திரிகை அட்டைகளை மொத்தமா அள்ளிப் போட்டிருக்காங்க. ஊர் உலகத்துல இருக்கற எல்லா அறிவியல் பத்திரிகையும். நாளைமறுநாளும் இருக்கு."

"ஆம்பளைங்க உடை ஒழுங்கா வந்ததே?"

"அட்டையில ஆம்பளைக்கு ஒழுங்காத்தானே வரைஞ்சிருக்காங்க. அதையே பாத்து இது பூட்டு, குழாய், மூட்டு எல்லாம் கத்துக்கிடுச்சு. பொம்பளைன்னா விண்வெளியில இப்படித்தான் இருப்பாங்கன்னு முடிவு பண்ணிடுச்சு. நாம வயித்தை மூடச் சொன்னா, எங்கயோ தப்பு நடக்குதுன்னு நெனச்சு வேற இடத்தைத் திறந்து சரி பண்ணுது. பாவம், அதுக்கு வஞ்சகம் தெரியாது."

"இப்ப வேற படங்களைக் காட்டினா மாறுமா?"

"மாறும். ஆனா இருக்கறதை மிஞ்சற அளவுக்கு வேணும். ஆயிரக்கணக்குல. அதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. ஒரே கை வரைஞ்சது எத்தனை இருந்தாலும் அதை ஒண்ணாத்தான் எடுத்துக்கும். வேற வேற ஆளு வரையணும்."

அன்று மாலையே உமையாள் சென்னையில் இருக்கும் நாளைமறுநாள் அலுவலகத்துக்குப் பேசினாள். நிலவிலிருந்து பேசினால் ஒவ்வொரு பேச்சுக்கும் பதில் வரக் கொஞ்சம் இடைவெளி விழும். அவ்வளவுதான். திரையில் வந்தது ராயப்பேட்டையில் ஒரு மாடி அறை. காதோரம் தூரிகையைச் செருகியிருந்த ஒரு பெண் முதலில் நம்பவில்லை. பிறகு உமையாள் ஓர் உளியைக் கையிலிருந்து விட்டுக் காட்டினாள். அது அவசரமில்லாமல் மிதந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் பிலோமினா. இங்க அட்டைப்படம் வரையறவ நான்தான்."

உமையாள் உடையைத் தூக்கிக் காட்டினாள்.

பிலோமினா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நட்சத்திரம் என் காலத்துக்கு முந்தி" என்றாள். "அதுக்கப்புறம் வந்த வைரம், பிறை நிலா, இதய வடிவம் எல்லாம் என்னது. ஒவ்வொரு மாசமும் முதல்ல முழு உடையோடதான் வரைஞ்சு கொண்டுபோய் வைப்பேன். எங்க ஆசிரியர் பாப்பார். 'பிரமாதம் பிலோமினா, கொஞ்சம் கோடைகாலமா பண்ணிடேன்' அப்படிம்பார். செவ்வாய்க் கிரகத்துல ஏது சார் கோடைன்னு கேட்டுப் பாத்துட்டேன்."

"அவர்கூடப் பேசலாமா?"

ஆசிரியர் பசுபதி வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. விஷயத்தை முழுவதும் கேட்டார். அவர் கெட்ட மனிதரில்லை. பத்திரிகையை ஓட்டியாகவேண்டிய மனிதர்.

"அம்மா, கதையைப் படிக்கறவங்க கொஞ்சம் பேரு. அட்டையைப் பாத்து எடுக்கறவங்க நிறையப் பேரு. அவங்க எடுத்தாத்தான் இவங்களுக்குக் கதை போட முடியும். இது எல்லா ஊர்லயும் நடக்கறதுதான். இந்தப் படத்தைப் பாத்து நிலாவுல ஒரு மெஷின் சட்டை தைக்கும்னு நான் கனவா கண்டேன்?"

"உங்க பத்திரிகை பேரே நாளைமறுநாள் சார். அது வந்துடுச்சு."

பசுபதி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு உடையை இன்னொரு தடவை பார்த்தார்.

"அந்த ஓட்டை வழியா காத்து வெளிய போயிடுமோ?"

"காத்து போகும் சார். அது பின்னாடியே நானும் போயிடுவேன்."

பதில் வர வழக்கமான இடைவெளியைவிட நேரமானது. பசுபதி பிலோமினாவைப் பார்த்தார். பிலோமினா வேண்டுமென்றே ஜன்னலைப் பார்த்தாள்.

"இதுல எனக்கு ஒரு வருத்தம் என்னன்னா" என்றார் அவர் மெதுவாக, "எனக்கும் பொண்ணு இருக்கு. அவ பத்து வயசோட எங்க பத்திரிகையைப் படிக்கறதை நிறுத்திட்டா. கதை புரியலை போலன்னு நெனச்சிட்டேன்."

"சார்" என்றாள் பிலோமினா. "அடுத்த மாச அட்டையை எங்கிட்ட விட்டுடுங்க. ஒரே ஒரு மாசம்."

"என்ன பண்ணப்போற?"

"நிலாத் தரை வரையறேன். மேல கறுப்பு வானம். நடுவுல தலைக்கவசத்துக்குள்ள இவங்க முகம். கழுத்துக்குக் கீழ ஒண்ணும் இல்ல. வெள்ளையா விட்டுடறேன். 'மீதியை நீங்கள் வரையுங்கள். நிலவில் இவர் அணிந்து பார்ப்பார்'னு கீழே போட்டுடலாம்."

"பரிசு?"

"அணிஞ்சு பாப்பாங்க சார். அதுக்கு மேல என்ன பரிசு?"

பசுபதி யோசித்தார். வியாபாரம் தெரிந்தவர் என்பதால் அவர் முகம் மெல்ல மாறுவதை உமையாளால் நிலவிலிருந்தே பார்க்க முடிந்தது. "போட்டின்னா எடுப்பாங்க" என்றார். "போட்டின்னா கண்டிப்பா எடுப்பாங்க."

எடுத்தார்கள். ஒரு பிரதி வாங்கியவர்கள், வரைந்தது சரியாக வரவில்லை என்று இன்னொன்று வாங்கினார்கள். ஒரு வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு பிரதி. கடைகளில் தீர்ந்துபோய், மறுபடி அச்சடித்து, அதுவும் தீர்ந்தது. வந்த படங்களையெல்லாம் பிலோமினா நிலவுக்கு ஏற்றிக்கொண்டே இருந்தாள். முகாமின் சாப்பாட்டு அறைச் சுவரில் மைதீன் அவற்றை ஓடவிட்டான். சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்க மறந்தார்கள்.

திருப்பூரில் பனியன் தைக்கும் பெண்கள் ஒவ்வொரு தையலையும் புள்ளி வைத்துக் காட்டி வரைந்திருந்தார்கள். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஒரு பெண், விரல்களுக்குத் தனித்தனியாகத் துணி சுற்றி, முட்டிக்குப் பட்டை கட்டி அனுப்பியிருந்தாள். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒரு படம். பிரசவ வார்டிலிருந்து ஒரு படம். சேலத்திலிருந்து ஒருவர் உடைக்கு மேல் பட்டுச்சேலை கட்டி, தலைக்கவசத்துக்கு மேல் மல்லிகைப்பூ வைத்திருந்தார். கண் பார்வை இல்லாத ஒரு மாணவி ஊசியால் குத்திக் குத்தித் தடவிப் பார்க்கும்படி ஒரு படம் செய்திருந்தாள். அதை மைதீன் டைலருக்குப் புரியவைக்க ரொம்ப நேரம் மெனக்கெட்டான். ஆண்களும் நிறையப் பேர் அனுப்பினார்கள். தங்கதுரையின் மனைவி வரைந்ததில் கழுத்தைச் சுற்றி மப்ளர் இருந்தது.

"அங்க பனியா இருக்குன்னு அவகிட்ட சொல்லியிருந்தேன்" என்றார் தங்கதுரை, யாரையும் பார்க்காமல்.

எல்லாம் இப்படியே வரவில்லை. நாற்பது வருஷமாகப் படிக்கிறேன், அட்டையைக் கெடுத்துவிட்டீர்கள் என்று சிலர் தொலைபேசியில் சண்டை போட்டார்கள். சிலர் வேண்டுமென்றே பழைய பாணியை மிஞ்சிப் படம் வரைந்து அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பசுபதி தலையைத் தலையை ஆட்டினார்.

"என் அட்டையைவிட மோசமா இருக்கு" என்றார் பிலோமினாவிடம். "ஒரு மனுஷனுக்கு வெக்கம் வேணாம்?"

பிலோமினா தூரிகையைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

டைலர் கற்றுக்கொள்ளத் தொடங்கியது. முதல் வாரம் தைத்த மாதிரி உடையில் குதிகால் போய்விட்டது. நட்சத்திரம் வடை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அடுத்த மாதிரியில் அது ஒரு ரூபாய் அளவுக்கு வந்தது. அதற்கடுத்ததில் ஓட்டையே இல்லை. அதற்குப் பதிலாக வயிற்றின் மேல், வெளிப்புறத்தில், ஒரு நட்சத்திரம் பூத்தையலாகத் தைத்திருந்தது. விட மனசில்லாமல் விட்டதுபோல. முகாம் முழுவதும் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் அந்தத் தையலும் மறைந்தது. மைதீனுக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

கப்பல் கிளம்பிவிட்டது என்ற செய்தி வந்த அன்று உமையாளின் உடை தயாரானது. சாம்பல் நிறம், தடித்த முழங்கால்கள், மடிப்பு மடிப்பாக அகலமான இடுப்பு. சோதனை அறையில் அதற்குள் காற்றை ஏற்றிவிட்டு எல்லோரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். உடை புடைத்துக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. அழுத்தம் காட்டும் முள் ஓர் இழைகூட இறங்கவில்லை.

உமையாள் அதற்குள் இறங்கினாள். தோள் தோளில் உட்கார்ந்தது. இடுப்பு மடங்கியது. கையுறைக்குள் விரல்களை விட்டாள். ஒவ்வொரு விரலும் அதனதன் நுனியைப் போய்த் தொட்டது. கையை மூடித் திறந்தாள். மறுபடி மூடித் திறந்தாள்.

"எப்படியிருக்குக்கா?" என்று கேட்டான் மைதீன்.

கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கட்டைவிரல் முழுவதுமாக உயர்ந்தது.

மறுநாள் வடத்தில் தொங்கிய கூண்டில் அவளைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். விளிம்பின் வெளிச்சம் மேலே மேலே போய் ஒரு கோடாகி மறைந்தது. பிறகு அவளுடைய விளக்கு மட்டும். காலடியில் தரை தட்டியதும் கூண்டிலிருந்து வெளியே வந்து, தான் வரைந்த வரைபடத்தின்படி நடந்தாள். இடப்பக்கம் ஒரு சரிவு இருக்கவேண்டும். இருந்தது. அதைத் தாண்டி ஒரு பிளவு. அதுவும் இருந்தது. வருஷக்கணக்காக மனத்துக்குள் நடந்த பாதை என்பதால், சொந்தத் தெருவுக்குள் நுழைவதுபோல் இருந்தது. பிளவின் ஓரத்தில் தூசைக் கையால் விலக்கினாள். விளக்கொளி கறுப்புக்குள் போய் நீலமாகத் திரும்பி வந்தது.

"இருக்கு" என்றாள்.

"என்ன இருக்கு, சத்தமாச் சொல்லும்மா" என்றார் தங்கதுரை மேலேயிருந்து.

"தண்ணி இருக்கு சார்."

காதுக்குள் கைதட்டலும் தட்டு தட்டும் சத்தமும் ஒன்றாகக் கேட்டன. உமையாள் குனிந்து உளியால் ஒரு துண்டைப் பெயர்த்தாள். அதைப் பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. உளியைக் கூண்டில் வைத்துவிட்டு வரலாமா என்று யோசித்தபடி கையைத் தொடையோரம் கொண்டுபோனபோது, கை உள்ளே போனது.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். உடையில் ஓர் ஓட்டை. கை மணிக்கட்டுவரை உள்ளே போயிருந்தது. காற்று சீறும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. உடையின் அழுத்த முள்ளைப் பார்த்தாள். அசையவில்லை. விரல்களை உள்ளே மெதுவாக அசைத்துப் பார்த்தாள். அடியில் துணி தட்டியது. பக்கங்களிலும் தட்டியது.

"மைதீன்" என்றாள். "இந்த உடையில பாக்கெட் இருக்கா?"

"பாக்கெட்டா? அதெல்லாம் ஒண்ணும் நான் சொல்லலியேக்கா. ஆம்பளைங்க உடையிலயே கிடையாது."

"இதுல இருக்கு. வலது தொடையில." இன்னொரு கையால் தடவினாள். "இடது தொடையிலயும் இருக்கு. இரு. இடுப்புல ரெண்டு பக்கமும் இருக்கு. நெஞ்சுல மூடி போட்டு ஒண்ணு. முழங்கையில சின்னதா ஒண்ணு."

"மடிப்புன்னுல்ல நான் நெனச்சேன்" என்றான் மைதீன், திகைத்துப்போய்.

உளியை வலது தொடையில் வைத்தாள். சுத்தியலை இடது தொடையில். குறியிடும் ஆணிகளை இடுப்பில். மாதிரிக் குப்பிகளை நெஞ்சில். இரண்டு கைகளும் காலியாக இருந்தன. அந்தக் காலிக் கைகளால் நிலவின் பனியைத் தூக்கி எடுத்துத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, யாரும் பார்க்காத அந்த இருட்டில், ஒரு சுற்று சுற்றினாள்.

மேலே வந்ததும் முகாமே உடை மாற்றும் அறையின் வாசலில் கூடியிருந்தது. அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெளியே போனால் உளியைக் கயிற்றில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, ஆணியைப் பல்லுக்குப் பதிலாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை செய்து பழகியவர்கள் அவர்கள். முதலில் பனிக்கட்டியைத்தான் பார்த்தார்கள். ஆனால் கண்கள் மறுபடி மறுபடி அவளுடைய தொடைப்பக்கமே போயின. மருத்துவர் மட்டும் நேராக வந்து, நெஞ்சுப் பையின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்தார். "ஏன்மா, எனக்கு ஏதாவது வெளிவேலை இருக்கா?" என்று கேட்டார்.

அன்று பிலோமினாவுக்குப் பேசியபோது பாக்கெட்டைப் பற்றித்தான் முதலில் சொன்னாள் உமையாள். பிலோமினா ஆச்சரியப்படவில்லை.

"வந்த படமெல்லாம் என் கை வழியாத்தானே வந்துது" என்றாள். "பொம்பளைங்க வரைஞ்சதுல பாக்கெட் இல்லாத படம் ஒண்ணுகூட இல்ல. ரெண்டாங்கிளாஸ் பொண்ணு வரைஞ்சதுல ஏழு பாக்கெட். நம்ம துணியில எந்தக் காலத்துல எவன் பாக்கெட் வச்சான்? கேக்கற சான்ஸ் கிடைச்சுது, எல்லாரும் கேட்டுட்டாங்க. பேசி வச்சுக்கிட்டெல்லாம் இல்ல."

பின்னால் பசுபதியின் குரல் கேட்டது. இந்த மாத அட்டையை என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்ட விதத்தில் கோடைகாலம் என்ற வார்த்தை இல்லை.

கப்பல் வந்தது. சாமான்களை இறக்கிவிட்டு, உறைந்த பனி ஒரு பெட்டி ஏற்றிக்கொண்டு, உமையாளை ஏற்றிக்கொள்ளாமல் திரும்பிப் போனது. அதற்குச் சில நாட்கள் கழித்து தங்கதுரையின் உடையில் மூட்டு தேய்ந்துவிட்டது. அவர் டைலர் அறைக்கு வந்தார். வந்தவர் கதவைச் சாத்தினார். மைதீன் எழுந்து, வழக்கம்போல் விவரங்களைக் கேட்கத் தொடங்கினான்.

"பேரு போட்டுட்டேன் சார். வேலை, வெளிவேலை. அளவு எடுத்துடலாமா?"

"எடுங்க" என்றார் தங்கதுரை. அளவு எடுத்து முடியும்வரை கையை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மைதீன் பொத்தானை அழுத்தப்போகும்போது தொண்டையைச் செருமினார்.

"ஆணா பெண்ணான்னு கேக்குமே, அந்த இடத்துல என்ன போட்டீங்க?"

"ஆண்னுதான் சார்."

தங்கதுரை கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"பெண்ணுன்னு போட்டுடுங்க தம்பி. அளவு என் அளவாவே இருக்கட்டும்" என்றார்.

மைதீன் மாற்றினான். முகாமில் அப்படிக் கேட்டு வந்தவர்களில் அவர் நான்காவது ஆள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டான்.